சட்டமன்றமே ‘முடிந்தது’ என்று சொன்ன பிறகும் கவர்னரின் ஆணை ஏன் நின்றது?

கேள்வி:

வணக்கம். பிலடெல்பியாவை ஒட்டிய மான்ட்கோமரி கவுண்டியில் பத்து வருடத்துக்கு மேலாக ஒரு சின்ன த்ரெட்டிங் கடை நடத்துகிறேன். 2020 மார்ச்சில் கவர்னரின் ஆணையால் கடையை மூடினேன். ஜூன் மாதம், சட்டமன்றத்தின் இரண்டு அவைகளும் ‘அவசரநிலை முடிந்தது’ என்று தீர்மானம் போட்டதாக டிவியில் சொன்னார்கள். மறுநாளே கடை இடத்தின் சொந்தக்காரர் கூப்பிட்டு, “இனி திறக்கலாம், இந்த மாத வாடகையை முழுசாகக் கொடுத்துவிடுங்கள்” என்றார். நம்பித் திறந்தேன். இரண்டாம் நாள் ஓர் அதிகாரி வந்து, ஆணை அப்படியேதான் இருக்கிறது, உரிமமே போய்விடும் என்று எச்சரித்து மூட வைத்தார். வாடிக்கையாளர் முன்னால் அழுகையே வந்துவிட்டது. போன வருடம் குடியுரிமை வாங்கிவிட்டேன், இந்த முறை முதல் ஓட்டு. மக்கள் தேர்ந்தெடுத்த சட்டமன்றம் சொன்னதை ஒரு கவர்னர் எப்படி மீறலாம்? நம் ஊரில் ஆளுநர் இப்படிச் செய்ய முடியுமா? நாளைக்கு இன்னொரு ஆணை வந்தால் நான் எதைப் பார்த்து முடிவெடுப்பது?

ஒரு வாசகி, பென்சில்வேனியா

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

2020 ஜூனில் இதே கேள்வியோடு என்னிடம் வந்தவர்கள் பலர். முடிதிருத்துபவர்கள், சின்ன உணவகம் நடத்துபவர்கள், யோகா வகுப்பு எடுப்பவர்கள். அந்த மூன்று வாரம் வழக்கறிஞர்களுக்கும் கஷ்டமான காலம்தான். உறுதியாக ஒரு பதில் சொல்ல எங்களால் முடியவில்லை. இப்போது முடியும்.

நேரடியான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் டிவியில் பார்த்த செய்தி உண்மை. கடை சொந்தக்காரரும் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்தத் தீர்மானத்துக்கு அன்றைக்குச் சட்ட வலு இல்லை. மாநில அரசமைப்பில் இருந்த ஒரு வரிதான் காரணம். 2021இல் மக்கள் ஓட்டுப் போட்டு அதற்கு ஒரு விதிவிலக்கைச் சேர்த்துவிட்டார்கள். அதே நிலைமை இன்றைக்கு வந்து, இரண்டு அவைகளும் அதே தீர்மானத்தைப் போட்டால், கவர்னர் கையெழுத்துக்காக யாரும் காத்திருக்க வேண்டியதில்லை.

எப்படி இந்த நிலைமை வந்தது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். அது புரிந்தால்தான் உங்கள் கடைசிக் கேள்விக்கு நான் சொல்லும் பதில் உங்களுக்குப் பயன்படும்.

‘நம் ஊரில் ஆளுநர்’ என்று நீங்கள் கேட்டதிலிருந்து தொடங்குகிறேன். குழப்பம் வராமல் இருக்க, இங்கிருப்பவரைக் கவர்னர் என்றும் இந்தியாவில் இருப்பவரை ஆளுநர் என்றும் எழுதுகிறேன். பெயர்தான் ஒன்று, வேலை வேறு. சென்னையில் இருக்கும் ஆளுநரைக் குடியரசுத் தலைவர் நியமிக்கிறார். ஆணைகள் அவர் பெயரில் வந்தாலும் முடிவெடுப்பது அமைச்சரவை. பென்சில்வேனியாவின் தலைநகர் ஹாரிஸ்பர்க்கில் இருக்கும் கவர்னரை மாநிலம் முழுக்க மக்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். நம் ஊர்க் கணக்கில் அவரை முதலமைச்சரோடுதான் ஒப்பிட வேண்டும்.

அங்கேயும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. தமிழ்நாட்டில் முதலமைச்சர் மேல் சட்டமன்றத்துக்கு நம்பிக்கை போய்விட்டால், நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவந்து ஆட்சியையே இறக்கிவிடலாம். இங்கே அந்த வழி கிடையாது. பதவிநீக்க விசாரணை என்ற மிக அரிதான ஏற்பாட்டைத் தவிர, நான்கு வருடத்துக்குக் கவர்னரைச் சட்டமன்றம் அசைக்க முடியாது. அதனால்தான் அவர் எதைச் செய்யலாம், எத்தனை நாளைக்குச் செய்யலாம், யார் நிறுத்தலாம் என்பதையெல்லாம் ஒவ்வொரு சட்டத்திலும் தனித்தனியாக எழுதி வைக்க வேண்டியிருக்கிறது. எழுதியதில் ஒரு சொல் சரியாக அமையாவிட்டாலும் உங்களைப் போன்ற ஒருவர் கடை வாசலில் அதிகாரியோடு நிற்க வேண்டி வருகிறது.

இனி 2020க்கு வருவோம். மார்ச் 6 அன்று அப்போதைய கவர்னர் டாம் வோல்ஃப் பேரிடர் அவசரநிலையை அறிவித்தார். மார்ச் 19 அன்று, உயிர் காக்கும் தேவை இல்லாத தொழில்களை எல்லாம் மூடச் சொல்லி ஆணை வந்தது. இந்த அதிகாரம் அவருக்கு எங்கிருந்து கிடைத்தது? 1978இல் சட்டமன்றம் இயற்றிய அவசரநிலை மேலாண்மைச் சட்டத்திலிருந்து. வெள்ளம், புயல், தொற்றுநோய் போன்ற நேரங்களில் கவர்னர் அவசரநிலை அறிவிக்கலாம், அது 90 நாள் நிற்கும், தேவைப்பட்டால் அவரே புதுப்பிக்கலாம் என்று அதில் இருந்தது. ஜூன் 3 அன்று வோல்ஃப் புதுப்பித்தார்.

அதே சட்டத்தில் இன்னொரு வரியும் இருந்தது. எந்த நேரத்திலும் இரண்டு அவைகளும் சேர்ந்து ஒரு கூட்டுத் தீர்மானம் போட்டு அவசரநிலையை முடித்துவிடலாம், உடனே கவர்னர் முடிவு ஆணையை வெளியிட வேண்டும் என்று அது சொன்னது. ஜூன் 9 அன்று சட்டமன்றம் போட்ட தீர்மானம் 836 இந்த வரியை நம்பித்தான் வந்தது. சட்டத்தை மட்டும் படித்த யாரும், ‘சரி, அவசரநிலை முடிந்துவிட்டது’ என்றுதான் நினைத்திருப்பார்கள். உங்கள் கடை சொந்தக்காரர் நினைத்ததிலும் நீங்கள் நம்பியதிலும் தப்பே இல்லை. அந்த நாளில் நல்ல வழக்கறிஞர்கள் சிலரும் அப்படித்தான் படித்தார்கள்.

கவர்னர் தரப்பு சட்டத்தை விட்டுவிட்டு அரசமைப்பைக் காட்டியது. பென்சில்வேனியா அரசமைப்பின் மூன்றாம் அத்தியாயம், ஒன்பதாம் பிரிவு. இரண்டு அவைகளின் ஒப்புதலும் தேவைப்படும் எந்த ஆணையையும் தீர்மானத்தையும், அவையை ஒத்திவைப்பது நீங்கலாக, கவர்னரிடம் அனுப்ப வேண்டும். அவர் மறுத்தால் ஒவ்வொரு அவையிலும் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவோடு மறுபடி நிறைவேற்ற வேண்டும் என்பது அதன் சாரம். ‘அந்தத் தீர்மானத்தை என்னிடம் அனுப்பவே இல்லையே’ என்பதுதான் வோல்ஃபின் வாதம். மாநில மேலவையான செனட்டை வழிநடத்திய ஜோசப் ஸ்கர்னாட்டியும் மற்றவர்களும் ஒரு பக்கம், கவர்னர் மறுபக்கம் என்று வழக்கு நேராக மாநில உச்ச நீதிமன்றத்துக்குப் போனது.

ஜூலை 1 அன்று தீர்ப்பு வந்தது. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி டேவிட் வெக்ட். கவர்னரிடம் அனுப்பாத தீர்மானம் சட்டப்படி செல்லாது என்று அவர் சொன்னார். அவசரநிலை நல்லதா கெட்டதா, கடைகளை மூடியது சரியா தப்பா என்ற கேள்விக்கெல்லாம் இந்த வழக்கில் பதில் சொல்லவில்லை என்பதையும் தெளிவாக எழுதினார். அதன்பின் தீர்மானம் கவர்னரிடம் போனது, அவர் மறுத்துவிட்டார்.

நீங்கள் கடை திறந்தது ஜூன் 9க்கும் ஜூலை 1க்கும் நடுவில். கட்டுப்பாடுகளைச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று கட்டம் கட்டமாகத் தளர்த்தினார்கள். உங்கள் கவுண்டி அப்போது மஞ்சள் கட்டத்தில் இருந்தது. பச்சைக் கட்டத்துக்கு வந்தது ஜூன் 26 அன்றுதான். அழகு நிலையங்கள் பச்சையில்தான் திறக்கலாம். ஆகவே அந்த அதிகாரி சொன்னது சட்டப்படி சரி. சொன்ன விதத்தில் இன்னும் கொஞ்சம் மரியாதை இருந்திருக்கலாம்.

இந்தத் தீர்ப்பைப் பற்றி என் கருத்தையும் சொல்லிவிடுகிறேன். அன்றைக்குப் பலருக்குக் கோபம் வந்தது. மக்கள் பிரதிநிதிகளின் குரலை நீதிமன்றம் அடக்கிவிட்டது என்றார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சட்டத்தில் சட்டமன்றம் எழுதிக்கொண்ட வசதியை அரசமைப்பு அனுமதிக்காவிட்டால், அரசமைப்புதான் நிற்க வேண்டும். இன்றைக்குக் கவர்னருக்கு எதிராக விட்டுக்கொடுத்தால், நாளைக்கு இன்னொரு சட்டமன்றம் கையெழுத்தே இல்லாமல் வேறு எதையாவது நிறைவேற்றிவிட்டு, இதுவும் வெறும் தீர்மானம்தான் என்று சொல்லலாம்.

இதே கேள்வி வாஷிங்டனில் வந்தபோது நடுவில் நின்றவர் இந்திய வம்சாவளிக்காரர் ஒருவர் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. ஜக்தீஷ் ராய் சத்தா. கென்யாவில் இந்தியப் பெற்றோருக்குப் பிறந்து, பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டோடு ஒஹாயோவுக்கு மாணவர் விசாவில் படிக்க வந்தவர். விசா முடிந்த பிறகு திரும்பிப் போக நாடில்லாத நிலை. குடிவரவு நீதிபதி அவரை வெளியேற்ற வேண்டாம் என்று முடிவு செய்தார். ஆனால் அமெரிக்க நாடாளுமன்றத்தின் ஓர் அவையான பிரதிநிதிகள் சபை மட்டும் தனியாக ஒரு தீர்மானம் போட்டு அந்த முடிவை ரத்து செய்தது. அப்போதிருந்த சட்டம் அதற்கு இடம் கொடுத்திருந்தது. வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. இரண்டு அவையும் நிறைவேற்றாமல், ஜனாதிபதியிடமும் அனுப்பாமல் இப்படிச் செய்ய முடியாது என்று 1983 ஜூனில் ஏழுக்கு இரண்டு என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது. ஒரு மாணவரின் வாழ்க்கையை ஒரே சபை ஒரு நாள் தீர்மானத்தில் தூக்கி எறிய முடியாமல் காத்தது, உங்கள் கடையை மூடி வைத்த அதே விதிதான். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் அந்த விதியின் நியாயம் தெரியும்.

சரி, தீர்ப்போடு விஷயம் முடியவில்லை. அரசமைப்பு தடையாக இருந்தால் அரசமைப்பையே மாற்றலாமே என்று சட்டமன்றம் கிளம்பியது. பென்சில்வேனியாவில் அரசமைப்பைத் திருத்த, அடுத்தடுத்த இரண்டு சட்டமன்றங்கள் ஒரே வாசகத்தை நிறைவேற்ற வேண்டும். அப்புறம் மக்கள் ஓட்டு. இதற்குக் கவர்னர் கையெழுத்து தேவையில்லை. 2020 ஜூலையில் ஒரு முறை, 2021இன் தொடக்கத்தில் இரண்டாம் முறை நிறைவேற்றி, 2021 மே 18 அன்று வாக்குச்சீட்டில் கேள்வியாக வைத்தார்கள். பாதிக்குச் சற்றே கூடுதலான வாக்காளர்கள் ஆம் என்றார்கள்.

இரண்டு கேள்விகள் நமக்கு முக்கியம். ஒன்றின்படி, அவசரநிலையை முடிக்கவோ நீட்டிக்கவோ இரண்டு அவைகளும் சாதாரணப் பெரும்பான்மையோடு போடும் கூட்டுத் தீர்மானத்தைக் கவர்னரிடம் அனுப்ப வேண்டியதில்லை. இன்னொன்றின்படி, கவர்னர் அறிவிக்கும் அவசரநிலை 21 நாள்தான் நிற்கும். அதற்கு மேல் வேண்டுமென்றால் சட்டமன்றம்தான் நீட்டிக்க வேண்டும். கூடவே ஒரு வரி: 21 நாள் முடிந்த பிறகு, அதே காரணத்தையோ கிட்டத்தட்ட அதே காரணத்தையோ வைத்துச் சட்டமன்றத்தின் தீர்மானம் இல்லாமல் கவர்னர் புதிய அறிவிப்பு வெளியிட முடியாது.

இந்தக் கடைசி வரிதான் என் பார்வையில் மிக முக்கியமானது. மேலோட்டமாகப் பார்த்தால் சாதாரணமாகத் தெரியும். ஏன் வைத்தார்கள் என்பது விஸ்கான்சினில் நடந்ததைப் பார்த்தால் புரியும்.

விஸ்கான்சின் சட்டத்தில் அவசரநிலைக்குக் காலக்கெடு 60 நாள். சட்டமன்றம் கூட்டுத் தீர்மானத்தால் ரத்து செய்யவும் வழி இருந்தது, கவர்னர் கையெழுத்தும் தேவையில்லை. அங்கே கவர்னர் டோனி எவர்ஸ் 2020 ஜூலை கடைசியிலிருந்து, பழைய அறிவிப்பு முடியும் நேரத்தில் புதிய அறிவிப்பு ஒன்றை வெளியிட்டுக்கொண்டே போனார். 2021 பிப்ரவரி 4 அன்று சட்டமன்றம் அவசரநிலையை ரத்து செய்தது. அதே நாளில் அவர் புதிய அவசரநிலையையும் புதிய முகக்கவச ஆணையையும் அறிவித்தார். மார்ச் 31 அன்று மாநில உச்ச நீதிமன்றம் நான்குக்கு மூன்று என்ற கணக்கில், ஒரே தொற்றுக்காகத் திரும்பத் திரும்ப அவசரநிலை அறிவிக்க முடியாது என்றது. தொற்று கொடியதுதான், எவர்ஸின் நோக்கமும் உயிர்களைக் காப்பதுதான். ஆனாலும் 60 நாள் என்று எழுதிவிட்டு 61ஆம் நாள் அதையே புதிதாகத் தொடங்கலாம் என்றால், அந்த எண்ணுக்கு அர்த்தமே இல்லாமல் போய்விடும்.

இதே தந்திரத்தை நம் நாடும் பார்த்திருக்கிறது. உங்கள் இரண்டாவது கேள்விக்கான பதில் இங்கேதான் இருக்கிறது. இந்திய அரசமைப்பின் 213ஆம் பிரிவுப்படி, சட்டமன்றம் கூடாத நேரத்தில், அமைச்சரவையின் ஆலோசனையின் பேரில் ஆளுநர் அவசரச் சட்டம் பிறப்பிக்கலாம். 2017 ஜனவரி 21 அன்று ஜல்லிக்கட்டுக்காக வந்ததே, அதுதான். சட்டமன்றம் மறுபடி கூடியதிலிருந்து ஆறு வாரத்தில் அது காலாவதியாகும். சட்டமன்றம் அதற்கு முன்பே தீர்மானம் போட்டு நீக்கவும் செய்யலாம். தமிழ்நாட்டில் இரண்டே நாளில், ஜனவரி 23 அன்று, சட்டமன்றம் மசோதாவாகவே நிறைவேற்றிவிட்டது. முறை அதுதான்.

பீகாரில் நடந்தது வேறு. 1967 முதல் 1981 வரை 256 அவசரச் சட்டங்கள் பிறப்பிக்கப்பட்டன. சட்டமன்றத்தின் முன் வைக்காமல் மறுபடி மறுபடி பிறப்பித்து, சிலவற்றைப் பதினான்கு வருடம் வரை உயிரோடு வைத்திருந்தார்கள். இதைத் தோண்டி எடுத்தவர் புனேயைச் சேர்ந்த பொருளாதாரப் பேராசிரியர் டி.சி. வாத்வா. அவர் தொடுத்த வழக்கில் 1986இல் உச்ச நீதிமன்றம், இது அரசமைப்பை ஏமாற்றுவது என்று சொன்னது. 2017 ஜனவரியில் இன்னொரு பீகார் வழக்கில் ஏழு நீதிபதிகள் கொண்ட அமர்வு அதை இன்னும் உறுதியாக்கியது. பீகாரிலும் விஸ்கான்சினிலும் நடந்தது ஒரே சங்கதி. சட்டமன்றம் கடிகாரத்தை வைத்துவிட்டுப் போகிறது, நிர்வாகம் முள்ளைத் திருப்பி வைத்துக்கொண்டே இருக்கிறது. பென்சில்வேனியாவின் புதிய வரி அந்த முள்ளைத் திருப்ப விடாமல் பூட்டுகிறது.

கடிகாரமே இல்லாத சட்டமும் உண்டு. மிச்சிகனில் 1943ஆம் ஆண்டு டெட்ராய்ட் கலவரத்துக்குப் பிறகு, 1945இல் ஒரு சட்டம் போட்டார்கள். கவர்னர் அவசரநிலை அறிவித்தால் அது முடிய நாள் கணக்கு எதுவும் அதில் இல்லை. 1976இல் வந்த இன்னொரு சட்டத்தில் 28 நாள் கெடு இருந்தது. 2020 ஏப்ரல் முடிவில் சட்டமன்றம் நீட்டிக்க மறுத்ததும், கவர்னர் கிரெட்சன் விட்மர் 1945 சட்டத்தைப் பிடித்துக்கொண்டார். அக்டோபர் 2 அன்று அந்த மாநில உச்ச நீதிமன்றம் நான்குக்கு மூன்று என்று அந்தப் பழைய சட்டத்தையே செல்லாததாக்கியது. சட்டமன்றத்தின் அதிகாரத்தை எல்லையே இல்லாமல் ஒருவர் கையில் கொடுக்க முடியாது என்பது காரணம்.

திரும்ப நம் மாநிலத்துக்கு வருகிறேன். 2021 ஜூனில் சட்டமன்றம் புதிய அதிகாரத்தைப் பயன்படுத்தி அவசரநிலையை முடித்தது. தளர்த்தப்பட்டிருந்த சில விதிமுறைகளை மட்டும் செப்டம்பர் 30 வரை தொடர விட்டது. அதே கோடையில், 2018 ஜனவரியிலிருந்து 90 நாளுக்கு ஒரு முறை புதுப்பித்துக்கொண்டே வந்த போதைமருந்துச் சாவுகளுக்கான அவசரநிலையும் முடிந்தது. கவர்னர் நீட்டிக்கக் கேட்டார், சட்டமன்றம் நீட்டிக்கவில்லை. இதில் எனக்கு வருத்தம் உண்டு. அந்தச் சாவுகள் நின்றுவிடவில்லை. ஆனால் மூன்றரை வருடம் ஓடிய ஒன்றை நிரந்தரச் சட்டமாக எழுத அவைகளுக்கு நேரம் இருந்தது என்பதும் உண்மைதான்.

அப்புறம் ஆகஸ்ட் கடைசியில் இன்னொரு திருப்பம். பள்ளிகளில் முகக்கவசம் கட்டாயம் என்று சுகாதாரத் துறையின் தற்காலிகச் செயலர் ஆணையிட்டார். அவசரநிலை இல்லாததால் 1955ஆம் ஆண்டின் நோய்த்தடுப்புச் சட்டத்தைக் காட்டினார்கள். நவம்பரில் காமன்வெல்த் நீதிமன்றமும் (அரசு சம்பந்தப்பட்ட வழக்குகளை விசாரிக்கும் மாநில நீதிமன்றம்) டிசம்பர் 10 அன்று மாநில உச்ச நீதிமன்றமும் அது செல்லாது என்றன. ஒரு கதவு மூடினால் நிர்வாகம் அடுத்த கதவைத் தட்டிப் பார்க்கும். அது கெட்ட எண்ணம் என்று நான் சொல்ல மாட்டேன், பொறுப்பில் இருப்பவர்கள் வழி தேடத்தான் செய்வார்கள். அந்த வழி செல்லுமா என்பதுதான் கேள்வி.

21 நாள் போதுமா என்று கேட்பீர்கள். என் எண்ணம், கொஞ்சம் குறைவு. 2023 ஜூன் 11 அன்று பிலடெல்பியாவில் டேங்கர் லாரி எரிந்து ஐ-95 நெடுஞ்சாலை இடிந்தபோது, கவர்னர் ஜாஷ் ஷபீரோ மறுநாளே அவசரநிலை அறிவித்தார், ஜூன் 23 அன்று சாலையையே திறந்துவிட்டார்கள். அந்த மாதிரி விபத்துக்கு 21 நாள் தாராளம். சஸ்குவெஹானா நதி பொங்கி ஊர்களை மூழ்கடித்தால் சேறு அள்ளவே அத்தனை நாள் ஆகும். அப்போது இரண்டு அவைகளும் விரைந்து கூடி நீட்டிக்க வேண்டும். எதிர்க்கட்சிக் கவர்னரை நோகடிக்கவென்று இழுத்தடித்தால், அடிபடுவது வெள்ளத்தில் வீட்டை இழந்தவர்கள்தான். 30 அல்லது 45 நாள் என்று இருந்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

இதுவரை சொன்னது எல்லாம் அவசரநிலை. சாதாரண நாளில் வரும் நிர்வாக ஆணைகள் வேறு வகை. இங்கே காமன்வெல்த் நீதிமன்றம் 1975இல் ஒரு வழக்கில் அவற்றை மூன்றாகப் பிரித்தது. வெறும் சடங்கான அறிவிப்புகள். கவர்னர் தன் கீழ் வேலை பார்க்கும் அதிகாரிகளுக்கு இடும் கட்டளைகள். ஏற்கனவே இருக்கும் ஒரு சட்டத்தையோ அரசமைப்பையோ செயல்படுத்த வரும் ஆணைகள். இந்த மூன்றாம் வகைக்கு மட்டும்தான் உங்களையும் என்னையும் கட்டுப்படுத்தும் வலு உண்டு. 2023 ஜனவரியில் ஷபீரோ பதவியேற்ற மறுநாள், மாநில அரசு வேலைகளில் 92 சதவீதத்துக்கு நான்கு வருடப் பட்டம் கட்டாயமில்லை என்று ஆணையிட்டார். அது இரண்டாம் வகை. உங்கள் கடைக்கு ஆள் எடுப்பதை அது தொடாது.

ஆணையால் எதைச் செய்ய முடியாது என்பதற்கும் ஓர் உதாரணம். 2019 அக்டோபரில் வோல்ஃப் ஒரு நிர்வாக ஆணை போட்டு, மின் நிலையங்கள் வெளியிடும் கரிக்காற்றுக்கு (கார்பன் டை ஆக்சைடு) விலை வைக்கும் வடகிழக்கு மாநிலங்களின் கூட்டமைப்பில் சேர விதிமுறை எழுதச் சொன்னார். சட்டமன்றம் மறுப்புத் தீர்மானம் போட்டது, அவர் அதை வீட்டோ செய்தார், அதை முறியடிக்கப் போதிய ஓட்டு கிடைக்கவில்லை. கடைசியில் 2023 நவம்பரில் காமன்வெல்த் நீதிமன்றம், இது உண்மையில் ஒரு வரி, வரி போடும் உரிமை சட்டமன்றத்துக்கு மட்டுமே என்றது. 2025 நவம்பரில், நான்கு மாதத்துக்கு மேல் தாமதமான பட்ஜெட்டின் உடன்பாட்டில் அந்த விதிமுறையே கைவிடப்பட்டது. காற்றுச் சூடாவதைத் தடுக்க வேண்டும் என்று முழு மனதோடு நினைப்பவன் நான். ஆனாலும் பணம் வசூலிக்கும் எதையும் ஒரே கையெழுத்தில் கொண்டுவர முடியாது என்பது சரிதான்.

இனி உங்கள் கடைசிக் கேள்வி. நாளைக்கு ஓர் ஆணை வந்தால், முதலில் செய்தியை விட்டுவிட்டு ஆணையின் முழு வாசகத்தை எடுத்துப் படியுங்கள். கவர்னரின் இணையதளத்திலேயே இருக்கும், பெரும்பாலும் சில பக்கங்கள்தான். ஆரம்பத்தில், எந்தச் சட்டப் பிரிவின் கீழ் இதைப் பிறப்பிக்கிறேன் என்று எழுதியிருப்பார்கள். அந்தப் பகுதிதான் உயிர். பேரிடர் அவசரநிலை என்று இருந்தால், அறிவித்த தேதியிலிருந்து 21 நாளைக் காலண்டரில் எண்ணிக் குறித்து வையுங்கள். சட்டமன்றம் நீட்டித்ததா முடித்ததா என்று அதற்குள் பாருங்கள். வேறு துறைச் சட்டத்தின் கீழ் வந்திருந்தால் இந்த 21 நாள் கணக்கு பொருந்தாது. அந்தச் சட்டத்தின் கெடு என்ன என்று தனியாகக் கேட்க வேண்டும்.

இன்னொன்று, உங்கள் கவுண்டிக்கு மட்டும் உரியது. மான்ட்கோமரிக்குச் சொந்தமாகச் சுகாதாரத் துறை இருக்கிறது. மாநில ஆணை முடிந்தாலும் கவுண்டி ஆணை தனியாக நிற்கலாம். பக்கத்தில் பிலடெல்பியா 2022 ஏப்ரலில், மாநில அளவில் எந்தக் கட்டாயமும் இல்லாத நேரத்தில், முகக்கவச விதியை மறுபடி கொண்டுவந்து சில நாளில் விலக்கியது நினைவிருக்கலாம். ஆகவே இரண்டு இடத்திலும் பார்த்துவிட்டுத்தான் கதவைத் திறக்க வேண்டும்.

ஆணையைச் சட்டமன்றம் எதிர்க்கிறது, வழக்கு நடக்கிறது என்ற நிலைமை வந்தால், தீர்ப்போ இடைக்காலத் தடையோ வரும் வரைக்கும் ஆணை இருக்கிறது என்று எடுத்துக்கொண்டே நடங்கள். அரசோடு போராட வேண்டும் என்று தோன்றினால் அதை நீதிமன்றத்திலும் சட்டமன்ற உறுப்பினர் அலுவலகத்திலும் செய்யலாம். கடை உரிமத்தைப் பணயம் வைத்துச் செய்யாதீர்கள். உங்கள் பகுதி பிரதிநிதியின் உள்ளூர் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் கூப்பிட்டு, ‘இந்தத் தேதியில் இந்த ஆணை அமலில் இருக்கிறதா, எழுத்தில் சொல்ல முடியுமா’ என்று கேளுங்கள். தொகுதி மக்களுக்கு இப்படி உதவத்தான் அங்கே ஆட்கள் இருக்கிறார்கள். தமிழர்கள் பலர் கூச்சப்பட்டுக் கூப்பிடுவதே இல்லை. குடியுரிமை இல்லாதவர்களும் கேட்கலாம்.

வாடகை விஷயம் தனி. கவர்னர் ஆணை முடிந்ததா இல்லையா என்பதை உங்கள் கடை சொந்தக்காரர் முடிவு செய்ய முடியாது, ஆனால் ஒப்பந்தத்தில் இருப்பது உங்கள் இருவரையும் கட்டும். அடுத்த முறை ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது, அரசு ஆணையால் கடை மூட நேர்ந்தால் அந்த நாட்களுக்கு வாடகை எப்படி என்று ஒரு பத்தி சேர்க்கச் சொல்லுங்கள். 2020க்குப் பிறகு இந்தப் பேச்சு பலருக்குப் பழக்கமாகிவிட்டது, கேட்பதில் சங்கடம் வேண்டாம். கையெழுத்துப் போடும் முன் உள்ளூர் வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டிவிடுங்கள்.

முதல் ஓட்டுக்கு என் வாழ்த்து. பதிவு செய்யும்போது எந்தக் கட்சியிலும் சேராமல் சுயேச்சையாகப் பதிந்தால் கட்சிகள் தங்கள் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் வசந்த கால முதன்மைத் தேர்தலில் கட்சி வேட்பாளர்களுக்கு ஓட்டுப் போட முடியாது. ஆனால் அதே நாளில் வாக்குச்சீட்டில் வரும் அரசமைப்புக் கேள்விகளுக்கு உங்களுக்கும் ஓட்டு உண்டு. 2021 மே 18 அன்று அது தெரியாமல் வீட்டில் இருந்துவிட்ட நம்மவர்கள் எனக்குத் தெரிந்தே சிலர் இருக்கிறார்கள். கேள்விகளின் வாசகம் முன்கூட்டியே மாநிலத் தேர்தல் தளத்தில் எளிய விளக்கத்தோடு வந்துவிடும். படித்துப் பார்த்து ஏதாவது புரியாமல் இருந்தால் மறுபடி எழுதுங்கள்.